ஈரப் பேன்ட்

"ஐயோ... சூப்பர்வைசர்!"

போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் போட்ட கூச்சலில் கிடங்கே அதிர்ந்தது.

சரக்கு இறக்கும் மேடைக்குக் கீழே சூப்பர்வைசர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி.

உயிர் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்ததும் முதல் ஆளாக ஓடிவந்தவர் கிடங்கின் மேனேஜர்.

"காலையிலேர்ந்து மாடியில என் ரூம்லயே இருந்தேன் சார். இப்பதான் இறங்கி வரேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சூப்பர்வைசர் மேல யாருக்காவது பகை உண்டா?"

மேனேஜர் கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். ஒரே ஓர் ஆளைக் கை காட்டினார்.

ஒரு லாரி டிரைவர். ஐம்பதைத் தொடுகிற வயது. இடுப்பில் பேன்ட் இல்லை! சரக்கு மூடுகிற கம்பளியைச் சுற்றிக்கொண்டு, தலை குனிந்து நின்றிருந்தார்.

"அவர்கிட்ட சண்டை போட்டியா?"

"ஆமா சார். நேத்துலேர்ந்து சரக்கோட நிக்கிறேன். இறக்கவே மாட்டேங்கிறாங்க. வந்ததுமே வண்டிச் சாவியைப் பிடுங்கி வச்சிக்கிட்டாரு. கூப்பிடறப்ப ஆள் இல்லேன்னா மறுபடி கடைசிக்குத் தள்ளிடுவேன்னாரு..."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"



"உன்னைக் கொல்லாம விடமாட்டேன்னு... ஒரு கோபத்துல..."

அதற்குள் கான்ஸ்டபிள் லாரிப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"சார், இங்க ஒரு பேன்ட் காயுது. சொட்டச் சொட்ட ஈரம்."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"ரத்தத்தைக் கழுவினியா?"

"இல்ல சார்."

"அப்ப எதைக் கழுவின?"

டிரைவர் கூட்டத்தைப் பார்த்தார்.

அங்கே நின்றிருந்தார் அவருடைய சம்பந்தி. அவரும் டிரைவர்தான், அடுத்த லாரி அவருடையது. இவர் மகளை வரும் மாதம் மருமகளாக்கிக்கொள்ளப் போகிறவர். "எங்க சம்பந்தி ராஜா மாதிரி" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

அவர் எதிரில் இதைச் சொல்வதா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"சொல்ல மாட்டியா? சரி, கையை நீட்டு."

விலங்கு குலுங்கியது.

கொலைகாரன் மகளை யார் கட்டிக்கொள்வார்கள்? அந்த நினைப்புதான் டிரைவரின் வாயைத் திறக்க வைத்தது.

"டிரைவருங்க இங்க டாய்லெட் பக்கமே போகக் கூடாது சார். நகர்ந்தா முறை போயிடும். எனக்கு வேற வயிறு சரியில்ல. அடக்கி அடக்கிப் பார்த்தேன்..."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேன்ட்லயே போயிட்டேன் சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டிரைவரின் காது மடல் கொதித்தது. சூப்பர்வைசருக்குப் பதில் தான் செத்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. சம்பந்தி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க கழுவின?" இன்ஸ்பெக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இங்க கீழ இருக்கிற ஸ்டாஃப் டாய்லெட்ல. திருட்டுத்தனமா நுழைஞ்சேன். துவைச்சு முடிச்சும் வெளிய வர வெட்கம். கதவைச் சாத்திட்டு, கீழ் இடுக்குல தெரியாம காலை மேல தூக்கி வச்சிக்கிட்டு உள்ளயே உட்கார்ந்திருந்தேன். போர்க்லிஃப்ட் தம்பி கத்தினப்பகூட அங்கதான் சார் இருந்தேன். எல்லாரும் மேடைப் பக்கம் ஓடினப்புறம்தான் நழுவி வந்து வண்டியில காயப்போட்டேன்."

"பச்சைப் பொய்!" மேனேஜர் பாய்ந்து வந்தார். "எங்க ஸ்டாஃப் டாய்லெட்ல ஒரு டிரைவர் கால் வைக்க முடியுமா? அந்தக் கத்தல் கேட்டப்ப அங்க ஒரு ஈ காக்கா இல்ல சார்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்ப நீங்க மாடியில உங்க ரூம்லயே இருந்தீங்களே..."

மேனேஜர் ஓரடி பின்வாங்கினார்.

டிரைவர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"அப்போ... ரொம்ப நேரம் குழாயைத் திறந்து விட்டுக் கை கழுவினது நீங்களா சார்? மாட்டிக்கிட்டா அசிங்கம்னு நான் மூச்சுக்கூட விடல."

கான்ஸ்டபிள் மேனேஜரின் கையைப் பிடித்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையைப் பிரித்தார்.

ஈரம். ஓரத்தில் கழுவியும் போகாத சிவப்பு.

"சரக்கை நான் வெளிய வித்தது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு சார்... மேல சொல்லிடுவேன்னு மிரட்டினான்..." மேனேஜர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜீப் கிளம்பிப் போனது.

டிரைவர் கம்பளியை இறுக்கிப் பிடித்தபடி தன் லாரிக்கு நழுவப் பார்த்தார். சம்பந்தி வழி மறித்தார்.

"நில்லுங்க சம்பந்தி."

"உங்க முகத்தைப் பார்க்க முடியல சம்பந்தி. கல்யாணத்தை நிறுத்தணும்னா..."

சம்பந்தி விறுவிறுவென்று நடந்தார். தன் லாரியில் ஏறி, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, மடித்த பேன்ட் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார்.

"நம்ம தொழில்ல மாத்துப் பேன்ட் இல்லாம யாராவது வண்டி எடுப்பாங்களா? நான் ரெண்டு வச்சிருந்தேன். நேத்தே ஒண்ணு செலவாயிடுச்சு."

டிரைவர் வாயைப் பிளந்தார்.

"வாங்கிக்கோங்க. கல்யாணத்துக்கு உங்களுக்கு என்ன துணி எடுக்கிறதுன்னு வீட்டுல ஒரே பேச்சு... அந்தச் செலவு மிச்சம்!"