மிச்ச வெளிச்சம்

கருப்பு கருப்பாக இல்லை. சுவர் அகலத்துக்கு நின்ற எல்இடி திரைக்கு முழுக் கருப்பைக் கொடுத்து, ஜன்னலில்லாத சோதனை அறையின் விளக்கையும் அணைத்துவிட்டு அவன் காத்திருந்தபோது, சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் நடுவே, திரையின் மத்தியில் ஏதோ ஒன்று சாம்பலாக, மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள, இன்னும் பேய் போகலையா?" என்றார் மச்சான். மனைவியின் அண்ணன், கம்பெனி முதலாளி. அப்பா விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்ததைத் தவிர வேறெதற்கும் உடம்பு வளையாதவர் என்பது அவனுடைய தீர்மானம்.

பேய் என்பது வெறும் தொழில் வார்த்தை. திரை வரிசை வரிசையாகத்தான் எரியும். ஒரு வரிசை அணைந்த பிறகும் அதில் தங்கிப்போன மின்சாரம் லேசாக வெளிச்சம் விடும். அந்த மிச்சத்தை வடித்துவிடும் டிரைவர் சர்க்யூட்டை வடிவமைப்பதுதான் அவன் வேலை. எத்தனை தடவை விளக்கியும் மச்சான் மண்டையில் ஏறவில்லை. பேய் என்றாலே கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொள்கிற ஆளுக்கு எதைச் சொல்லி என்ன?

"சாயங்காலம் பார்ட்டி வர்றாங்க. கருப்பு சுத்தமா இல்லன்னா வேற ஆளோட டிசைனுக்குப் போயிடுவேன். சொந்தம்னெல்லாம் பாக்க முடியாது."

சொந்தமாம். தங்கச்சியைக் கொடுத்ததை விருந்தாளி முன்னால் எல்லாம் சொல்லிக்காட்டும் வாய்.

"பின்னாடி ஒயர் ஏதாச்சும் லூசா இருக்கும். நான் பாக்குறேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு, திரைக்கும் சுவருக்கும் நடுவே, ஒல்லியான அவனே ஒருக்களித்து நுழையும் சந்துக்குள் மச்சான் தன்னைத் திணித்துக்கொண்டார். ஒயராம். சர்க்யூட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை.

அவர் போனதும் சாம்பல் கூடி உருவம் தெரிந்தது. தொப்பை. இடுப்பில் ஒரு கை. டார்ச் வெளிச்சம் கசிகிறது என்று நினைத்தான், சிரிப்பு வந்தது. பேயாகக்கூட முதலாளித் தோரணை.

மேசை மேல் சின்னக் காட்டி விளக்கு எரிந்த டிரைவர் போர்டின் மூலையிலிருந்த சின்னத் திருகை, ஸ்க்ரூ டிரைவரால், மிச்சம் வேகமாக வடியும் பக்கம் லேசாகத் திருப்பினான். உருவத்தின் கால்கள் அணைந்தன.

"மாப்ள, காலு மரத்துப்போன மாதிரி இருக்கு."

உட்கார்ந்தே தின்றால் மரக்காமல் என்ன செய்யும்? இன்னும் திருப்பினான். இடுப்புவரை கருப்பு.

"மாப்ள... நிறுத்து. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல."

நடிப்பு. எல்லாம் சரியானதும் வெளியே வந்து, நான்தான் ஒயரைச் சரி பண்ணேன் என்று பீற்றிக்கொள்ளப் போட்ட நடிப்பு. அவனுக்கா தெரியாது? கடைசிவரை திருப்பினான். முகம் மட்டும் கொஞ்சம் மிதந்தது. வாய் திறந்திருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கருப்பு. அசல் கருப்பு.

"மச்சான், வந்து பாருங்க, போயிடுச்சு உங்க பேய்!"

மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சந்தில் எட்டிப் பார்த்தான். தரையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. சந்தின் மறுகோடியை அடைத்து நின்றது சுவர். ஆளில்லை.

"மச்சான்?"

வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது? ஓடிவந்து திருகை எதிர்ப்பக்கம் திருப்பினான். திரை அப்படியே இருந்தது. வடிந்தது வடிந்ததுதான், திரும்பி வராது. அப்படித்தான் வடிவமைத்திருந்தான். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான்.

கருப்பில் மறுபடி சாம்பல்.

"மச்சான்!" வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தையை ஆசையோடு சொன்னபடி கிட்டே போனான்.

தொப்பை இல்லை. ஒல்லி. மூக்குக்கண்ணாடி.

போர்டின் மூலையில், யார் கையும் படாமல், திருகு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கதவுக்கு ஓட நினைத்தான். பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. குனிந்து பார்க்கத் துணிவில்லை.

எதிரே திரையில், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத அந்த ஒல்லி மனிதன் அவனைப் பார்த்து வாயைத் திறந்தான்.