பார்க்காமல் நிரப்பிய கட்டங்கள்

இருநூற்றைம்பது என்றுதான் எழுதினார் ஜினேந்திரன். காகிதத்தில் இருந்தது 98.4.

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய எழுத்தேதான், நான்கின் கால்கூட அவர் போடுவது போலவே நீண்டிருந்தது. அதற்கு மேலே, ஐந்து மணி வரைக்குமான கட்டங்களில் 250, 250 என்று ஒழுங்காகவே விழுந்திருந்தன. ஐந்தேகால் கட்டத்தில்தான் இந்தக் கூத்து. சுவர்க் கடிகாரத்திலும் மணி ஐந்தேகால். ஞாயிற்றுக்கிழமையாதலால் செவிலிமேட்டு டிரிப் பாட்டில் கம்பெனியில் அவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஐப்பசி மழை விட்டும் விடாமலும் கூரைத் தகரத்தில் தட்டிக்கொண்டிருக்க, அணைந்து கிடந்த பாய்லர் கொட்டகையிலிருந்து ஈர விறகின் வாடையும் ரப்பர் மூடிகளின் வாடையும் கலந்து வந்தன.

காலையில் முதலாளி நமச்சிவாயம் ஒரு புது ரிஜிஸ்டரையும் மூன்று பேனாக்களையும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"உன் பழைய பக்கத்தப் பாருப்பா. எல்லாம் ஒரே இங்க்கு, ஒரே சாய்வு. ஒரே மூச்சுல எழுதினதுன்னு கொழந்தகூட சொல்லிடும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராரு. கால் மணிக்கு ஒரு தரம் பாத்து எழுதின மாதிரி, பேனாவ மாத்தி மாத்திப் போட்டு எழுதி வெச்சிடு."

"சரிங்க" என்றார் ஜினேந்திரன். வேறென்ன சொல்வார்?

பாட்டில்களை அடுக்கி மூடிய ஸ்டீம் பெட்டியின் சூட்டைக் கால் மணிக்கொரு முறை பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. முள் இருநூற்றைம்பது டிகிரியில் நின்றால்தான் கிருமி சாகும். கடைசி ஈடு பெட்டிக்குள் போவது ஐந்து மணிக்கு மேல், வெளியே வருவது ஏழுக்கு. ஜினேந்திரனோ நயினார் வீட்டுப் பிள்ளை, ஜைனர். விளக்கு வைத்த பிறகு சோறு தொடமாட்டார். ஐந்துக்குச் சைக்கிளை எடுத்தால்தான் திருப்பருத்திக்குன்றம் போய், மனைவி மதனவதி வடிக்கும் சூடான சோற்றைப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட முடியும். அதனால் கிளம்பும்போதே ஏழு மணி வரைக்குமான எட்டுக் கட்டங்களிலும் 250 போட்டு, கையெழுத்தும் போட்டுவிடுவார். டப்பாவில் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம், வரவில்லை. தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிற மனுஷன், ஆறு வருஷமாக இப்படித்தான் செய்துவந்தார்.

போன புதன்கிழமை காலை பாய்லர்காரர் கலியன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"சார், நேத்து நீங்க போனப்புறம் ஸ்டீம் எறங்கிக்கினே போச்சு. வெறகெல்லாம் ஈரம். முள்ளு எரநூறக்கூட தாண்டல சார்."

"நான் பாத்துக்கறேன், நீ போப்பா."

பார்க்கவில்லை. எழுதியதை அடித்தால் ஆறு வருஷத்துக்கும் கேள்வி வரும் என்று பயம். நாற்பது பாட்டில்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. வெள்ளிக்கிழமை அதை ஏற்றிய இரண்டு பேர் குளிர்ஜுரம் கண்டு செத்தார்கள். ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை என்று நர்ஸ் ஜெயம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் முப்பத்தெட்டு பாட்டில்கள் இன்னும் அந்த ஆஸ்பத்திரி அலமாரியில்தான் இருக்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கான பக்கத்தில் விழுந்திருந்த 98.4ஐ அடித்துவிட்டு மேலே 250 எழுதினார். அதுவும் 98.4 ஆகவே விழுந்தது. சரி, அடுத்ததைப் பார்ப்போம் என்று ஐந்தரைக் கட்டத்தில் பேனாவை வைத்தார். மை இறங்கவில்லை. உதறினார். இரண்டாவது பேனா, மூன்றாவது பேனா, எதிலும் இறங்கவில்லை. கடிகார முள் ஐந்தரையைத் தொட்டதும், அழுத்தி வைத்திருந்த நிப்பிலிருந்து மை தானாக ஓடியது.

101.

ஐந்தே முக்காலுக்கு 103. வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. மதனவதி உலையை இறக்கிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து போய்விடலாம் என்று மேசையில் கை ஊன்றியபோது உள்ளங்கை பக்கத்தின் மேல் பட்டது. சுட்டது. ஜுரக்காரர் நெற்றியைத் தொட்டது போல அப்படி ஒரு சூடு. காகிதம் மெல்ல நடுங்கியது. காற்றே இல்லை.

ஆறு மணி. 105.

ஐயோ, இது பெட்டியின் சூடு இல்லை. இந்த நிமிஷத்தில் யாருக்கோ அந்தப் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

முதலாளி அறைக்கு ஓடினார். டெலிபோனுக்கு மேலே சுவரில் ஆஸ்பத்திரி நம்பர் எழுதியிருந்தது. ரிசீவரை எடுத்தார்.

"நம்பர் சொல்லுங்க" என்றாள் எக்ஸ்சேஞ்ச் பெண்.

அந்தப் பாட்டிலை ஏற்றாதீர்கள் என்று சொன்னால் போதும். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே? நீதானே பார்த்துக் கையெழுத்துப் போட்டாய் என்பார்களே? போலீஸ் வரும். தெரு முழுக்கச் சிரிக்கும். மதனவதி யார் முகத்தில் விழிப்பாள்?

"ஹலோ? நம்பர் சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆறேகால். 106.2. பக்கத்துக்கு அடியிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம். இழுத்து இழுத்து. பெண் பிள்ளையா, ஆணா? தெரியவில்லை. காதைப் பொத்தினார். கைக்குள்ளும் கேட்டது.

ஆறரை. சத்தம் நின்றது.

97.

ஆறே முக்கால். 91. பக்கத்தைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது.

ஏழு. 84. அவ்வளவுதான். எட்டுக் கட்டமும் முடிந்தது. தீர்ந்தது என்று அழுதார், பாவி மனுஷன். அழுதுகொண்டே கடைசியில் கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று பக்கத்தைப் புரட்டினார்.

அடுத்த பக்கத்தில் கட்டங்கள் இருந்தன. மேல் கோடியில் நேரம் குறித்திருந்தது, ஏழேகால். அதற்கடுத்த பக்கத்திலும் கட்டங்கள். அதற்கடுத்ததிலும். எண்ணிப் பார்த்தார். முப்பத்தேழு பக்கம்.

டெலிபோன் பத்தடி தூரத்தில் இருந்தது. ஜினேந்திரன் எழுந்திருக்கவில்லை. பேனாவில் மை நிரப்பிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். இந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சாயங்காலக் கட்டங்களை நேரம் தவறாமல், கண்ணால் பார்த்து எழுதினார்.

ஏழேகால். 98.4.

ஏழரை. 101.