விக்கிரவாண்டியில் கவிழ்ந்த லாரி

காலை எட்டேகால். விழுப்புரம் விளையாட்டு மைதானத்தின் வாசலில் ஒரு கார் அலாரம் அலறியது.

ஓடி வந்தவர்கள் திறந்து கிடந்த டிக்கியையும் காலிப் பெட்டியையும் பார்த்தார்கள். வளவனூர் பெண்கள் கபடி அணி போன வருடம் வென்ற வெள்ளிச் சுழற்கோப்பையைக் காணவில்லை. பத்து மணிக்குள் அதை மேடையில் திருப்பி வைக்காவிட்டால் இன்றைய இறுதிப் போட்டியில் அவர்கள் ஆட முடியாது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் இளவரசி காரைச் சுற்றி வந்தார். பூட்டு உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"வண்டி யாருது?"

"என்னுதுதாங்க மேடம்." அணியின் மேனேஜர் ஜெகதீசன். "கப்புல பேரு வெட்ட திண்டிவனத்துல குடுத்திருந்தோம். நேத்து வாங்கி அங்கியே மச்சான் வீட்டுல வெச்சிருந்து, இப்பதான் கொண்டாறேன். கேட்டாண்ட போயி திரும்பறதுக்குள்ள எவனோ தூக்கிக்கினு போயிட்டான்."

கேப்டன் பானுப்ரியாவின் கண்கள் சிவந்திருந்தன. தலை மட்டும் குனியவில்லை. "ஆறு மணிலேர்ந்து போன் பண்றேன்ணா. நீங்க எடுக்கவே இல்ல."

"நேத்தே சார்ஜ் எறங்கி செத்துப் போச்சும்மா. எனக்கு எதுக்கு போனு? வண்டியிலயே மேப் இருக்குது."

"திண்டிவனத்துக்கு மேப்பா? எங்க ஊரு ஆடு கூட தானா போயி வரும்ணா," என்றாள் அணியில் ஆடும் ஆர்த்தி.

ஜெகதீசன் டேஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். "போன் மேப்பு டவர் இல்லன்னா படுத்துக்கும். இது கம்பெனியே வெச்சுக் குடுத்தது. சிம் இல்ல, நெட் இல்ல. நேரா சாட்டிலைட்டு."

"ஏன் லேட்டு?" என்றார் இளவரசி.

"காலைல விக்கிரவாண்டிகிட்ட லாரி கவுந்து ஒரே ஜாம் மேடம். கெளம்பும்போதே இந்த ஸ்க்ரீன் செவப்பா காட்டிடுச்சு. கிளியனூர், கண்டமங்கலம்னு சுத்தி வந்துட்டேன்."

இளவரசி காரின் திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"உங்க போனைக் குடுங்க."

"அதான் செத்துப் போச்சுன்னேனே மேடம்."

"நீங்க எங்க இருக்கீங்கன்னு சாட்டிலைட் சொல்லும். இன்னிக்குக் காலைல எந்த ரோட்டுல லாரி கவுந்துச்சுன்னு சொல்லாது. அதுக்கு நெட் வேணும். உங்க வண்டியில அது இல்லன்னு நீங்களே பெருமையா சொன்னீங்க. அப்போ வழி காட்டினது எது?"

போன் பாக்கெட்டிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. பாதிக்கு மேல் சார்ஜ். எடுக்காமல் விட்ட பானுப்ரியாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன.

"போனும் உயிரோட இருக்கு, கப்பும் கையில இருக்கு. காத்துக்கினு இருக்கற பொண்ணுக்கு ஏன் பதில் சொல்லல? பூட்டு உடையல, சாவி உங்ககிட்ட. அலாரத்தை அலற விட்டதும் நீங்கதான். டிக்கியோட அடிப்பலகையைத் தூக்குங்க."

ஸ்டெப்னி டயர் இருக்க வேண்டிய குழியில், துண்டில் சுற்றிய கோப்பை இருந்தது.

பானுப்ரியா அதைத் தோளுக்கு மேல் உயர்த்தினாள். பெண்கள் விசிலடித்தார்கள். புதிதாக வெட்டிய பெயர்கள் வெயிலில் மின்னின. அவள் திரும்பினாள்.

"ஏண்ணா? இது நம்ம ஊரு கப்பு இல்லியா?"

ஜெகதீசன் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பொண்ணுங்க பேரும் இருக்கு. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் இந்த வண்டியில கூட்டிக்கினு போனவன் பேரு எங்கம்மா இருக்கு?"