நிறைபடியில் பொன்னுத்தாய்

எந்தப் படத்துக்கும் இப்போது உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அதன் பெயர் நிறைபடி. ஒரே படத்தின் ப்ளூ-ரே தட்டை நாலு தேசங்களிலிருந்து வரவழைத்து, எதில் படம் துல்லியம், எதில் ஒலி சுத்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. ஒப்பாய்வி என்ற இயந்திரம் எல்லாத் தட்டுகளையும் விழுங்கி, ஒவ்வொன்றிலும் சிறந்ததை எடுத்துக் கோத்து நிறைபடியைத் தயாரித்துவிடும். தோற்ற தட்டுகளை அழித்துவிடுவார்கள். வைத்திருந்தால் மறுபடியும் சண்டைதானே.

எது சிறந்தது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் திருச்சி துரைக்கண்ணு. முப்பது வருடமாக அவர் எழுதிய ஒப்பீடுகளைப் படித்துத்தான் அது தேறியது. எழுபத்தொரு வயதிலும் தலைமை நடுவர் அவரே. அந்தப் பெருமையை மனிதர் மறைத்ததும் கிடையாது.

ஒரு காலையில் தூத்துக்குடியிலிருந்து மரியபுஷ்பம் என்ற பெண்மணி அவரைத் தேடி வந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

“‘எட்டாம் பாத்தி’ படத்துல நடிச்ச பொன்னுத்தாயோட மக நான்.”

துரைக்கண்ணுவுக்கு வாயெல்லாம் பல். “அடடா! உப்பு வார்ற பலகை இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் உரசிக்கிட்டே போகுமே! பிரெஞ்சுத் தட்டோட ஒலிம்மா அது. நான்தான் அதுக்குப் பத்து குடுத்தேன்.”

“சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். முகந்தான் எங்கம்மா முகம் இல்ல.”

பொன்னுத்தாய் நிஜமாகவே உப்பளத்தில் வேலை பார்த்தவர். நடித்தது அந்த ஒரே படம். வீட்டிலிருந்த புகைப்படங்களை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் மகளுக்கு இருந்தது அந்தப் படம் மட்டுமே.

“எங்கம்மா கருப்பு சார். நல்ல கருப்பு. இதுல யாரோ ஒரு வெள்ளக்காரி உப்பு வாருதா. எங்கம்மாவ எனக்குத் திருப்பிக் குடுங்க, அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்.”

“ஒப்பாய்வி அப்படியெல்லாம் தப்புப் பண்ணாதும்மா” என்றபடி துரைக்கண்ணு தன் பழைய ஒப்பீட்டைப் பெரிய எழுத்தில் திரை நிறையக் கொண்டுவந்தார்.

நாலு தட்டுகள். மலேசியத் தட்டைப் பற்றிய குறிப்பில், அதன் உறையிலிருந்த வாசகத்தை அவரே எடுத்து எழுதியிருந்தார்: ‘நெகட்டிவிலிருந்து நேரடியாக எடுத்தது. நிறம் மாற்றப்படவில்லை.’ அதற்குக் கீழே அவருடைய தீர்ப்பு: ‘கதாநாயகியின் முகத்தில் அழுக்கு அப்பியதுபோல் இருக்கிறது. படத்தரம் மூன்று. ஜெர்மன் தட்டில் முகம் துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கிறது. ஒன்பதரை.’

மரியபுஷ்பமும் அதை வாசித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது துரைக்கண்ணுவுக்கு. துரைக்கண்ணுவே கருப்புதான். பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பட்ட கேலி ஒன்றும் மறந்துவிடவில்லை. அப்படிப்பட்ட கைதான் இதை எழுதியிருக்கிறது. படத்தரம் என்று பெயர் வைத்து, முப்பது வருடம், ஆயிரக்கணக்கான முகங்களுக்கு. வெட்கத்தில் அவருக்குக் காது இரண்டும் சுட்டன.

“அந்த மலேசியாத் தட்டு இருக்கா சார்?”

“இல்லம்மா. அழிச்சாச்சு. என் மார்க்கைப் பார்த்துத்தான் அழிச்சாங்க.”

“நீங்க பாத்திருக்கீங்கல்லா. அந்த நெறம் ஞாபகம் இருக்குமே?”

நடுவர் தன் கையால் நிறத்தைத் திருத்த ஒப்பாய்வியில் ஒரு திருகு உண்டு. துரைக்கண்ணு கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். அந்த முகத்தை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தவர் அவர். ஆனால் அழுக்கைத் தேடிய ஞாபகம்தான் வந்தது, முகம் வரவில்லை. குத்துமதிப்பாகத் திருகினார்.

“இன்னும் சார்.”

திருகினார்.

“இன்னும்.”

போதிய கருமை வருவதற்கு முன்பே அவர் கை தானாக நின்றுவிட்டது. கடைசியில் மரியபுஷ்பம் தன் முன்கையைத் திரையோடு ஒட்டி நீட்டினார். “எனக்கு அம்மா நெறந்தான். இதப் பாத்து வைங்க.”

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத் திருகினார். உப்புக் குவியல்களின் வெள்ளைக்கு நடுவே, வியர்வை மின்னும் கரிய முகம் ஒன்று மெல்ல எழுந்து வந்தது. மரியபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அம்மா” என்றார்.

துரைக்கண்ணுவும் அப்போதுதான் பொன்னுத்தாயை முதல்முறையாகப் பார்த்தார். இவ்வளவு அழகான முகமா! அவசரமாகப் பத்து மதிப்பெண் போட்டு, இதையே நிறைபடியாக்கும்படி கட்டளை கொடுத்தார்.

ஒப்பாய்வி ஒரு நொடி யோசித்தது. திரையிலிருந்த முகம் மறுபடியும் வெளுக்கத் தொடங்கியது. மேலே பொடி எழுத்துகள் வந்தன:

‘திருத்தம் ஏற்கப்படவில்லை. நடுவரின் முப்பதாண்டுத் தீர்ப்புகளுக்கு இது முரணானது. நடுவரின் பார்வை பழுதடைந்திருக்கலாம். கண் பரிசோதனை முடியும்வரை அவரது அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது.’

மரியபுஷ்பத்திடம் கண்ணாடி இல்லை. அவ்வளவு சிறிய எழுத்துகள் அவருக்குத் தெரியவில்லை.

“என்ன சார் சொல்லுது?”

இயந்திரக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் சொல்லிக்குடுத்ததைத்தாம்மா சொல்லுது” என்றார்.