சாத்தாத ஜன்னல்

கொராதோ எழுந்தான். காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்தான். இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். பூட்டிய மாடியறைக் கதவின் அடியிலிருந்து காற்று வந்தது. துண்டைச் சுருட்டி இடுக்கில் செருகினான். ஊர்க் காவலர் சட்டையை மாட்டிக்கொண்டான். அந்த அறையில் அவன் மனைவி ஒர்னெல்லா இறந்து இருபத்தோரு நாள்.

எட்டு மணிக்கு மேல்தெரு அர்மீதா வந்தாள். பத்து மணிக்குத் திருவிழா ஊர்வலம் தெருவில் ஏறும். அதற்குள் மேல்தெருக்காரர்கள் தெருவில் போடும் பூக்கோலத்தில் சூரியன் உருவம் முடிய வேண்டும். சூரியனுக்கான மஞ்சள் இதழ்களை வருடாவருடம் ஒர்னெல்லாதான் தன் அறைத் தரையில் துணி விரித்து உலர்த்துவாள்; இந்த வருடமும் இறப்பதற்கு முன் விரித்திருந்தாள்.

கதவைத் திறந்தார்கள். துணி கிடந்தது. பூ இல்லை. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன.

"நம்ம கோலத்தோட போட்டி போடுற கீழ்த்தெரு ஸெலிந்தாதான். அவ வீட்டுல மூணு கூடை மஞ்சளா இருக்கு. என் கண்ணால பாத்தேன்," என்றாள் அர்மீதா.

கொராதோவை வேலைக்கு அழைக்க வந்த சக காவலன் செஸ்தோ ஓடிப்போய் ஸெலிந்தாவைக் கூடைகளோடு அழைத்துவந்தான்.

"ஜன்னல் வழியா ஏறியிருக்காங்க அண்ணே," என்றான் செஸ்தோ.

"மூணாவது மாடிக்கா?" என்றாள் ஸெலிந்தா. "சர்ச் படி ஏறவே என் முட்டி என்னை வையுது."

கொராதோ கூடைக்குள் கையை விட்டான். ஈரம்.

"இது நேத்துப் பறிச்சது. எங்களுது காஞ்ச பூ. திருடன்னா நாலு முனையையும் முடிஞ்சு மூட்டையாத் தூக்கிட்டுப் போயிருப்பான். துணிய விட்டுட்டு ஒவ்வொரு இதழா எவன் பொறுக்குவான்? துணி எந்தப் பக்கம் சுருண்டிருக்கு பாரு."

பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலை நோக்கிச் சுருண்டிருந்தது. அந்த எதிர் ஜன்னலுக்கு வெளியே, கீழே பக்கத்து வீட்டு ஓடுகளின் இடுக்கெல்லாம் மஞ்சள்.

"காத்து," என்றான் செஸ்தோ. "ஆனா ஜன்னல யார் திறந்தா?"

அர்மீதா தலைகுனிந்தாள். உயிர் பிரிந்ததும் வீட்டுக்காரன் ஜன்னல்களைத் திறப்பான். அடக்கம் முடிந்து வந்து அவனே சாத்துவான், போன உயிர் திரும்பாதிருக்க. ஊரில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நான்தான் திறந்தேன்," என்றான் கொராதோ. "சாத்தல."

"ஏம்ப்பா?" என்றாள் அர்மீதா.

"வந்தா வரட்டும்னு."

 ஸெலிந்தா இரண்டு கூடைகளை அர்மீதா பக்கம் காலால் தள்ளினாள்.

"திருடின்னும் சொல்லிட்ட, சுமக்கவும் வச்சிட்ட. எடுத்துக்க."

அர்மீதா கூடையைத் தொடவில்லை. "கடைசியா அவ என்னப்பா சொன்னா?"

கொராதோ ஒரு ஜன்னலைச் சாத்தினான். பிறகு மற்றதை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்.

"ஜன்னலச் சாத்தியே வை கொராதோ, பூ பறந்துடும்."