வேடியப்பனின் இடது கால்

"முதலாம் பானிபட் போர் நடந்து இன்னையோட ஐந்நூறு வருஷம் மேடம்," என்று ராஜ்குமார் நாட்காட்டியைப் பார்த்து ஆரம்பித்தபோது, அந்த ஓசூர் துப்பறியும் அலுவலகத்துக்குள் ஷரீஃபுன்னிசா நுழைந்தாள். பானிபட் அங்கேயே நின்றுபோனது.

அவள் கணவன் சாஜித் கிரேன் ஓட்டுபவன். உத்தனப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாலையை அகலப்படுத்துகிறார்கள். வழியில் இருந்த வேடியப்பன் கல்லை ஊரார் சாக்கில் சுற்றிக் கொடுக்க, நேற்று மாலை அதை லாரியில் கொண்டுபோய்ப் புது சிமெண்டு மேடையில் நட்டது அவன்தான். மாட்டுமந்தையை மீட்கப் போரிட்டுச் செத்த ஒரு வீரனின் நடுகல் அது. அவன் விழுந்த நாளைத்தான் ஊர் இன்று திருவிழாவாகக் கொண்டாடுகிறது. காலையில் சாக்கைப் பிரித்தால், இது வேறு கல் என்கிறார்கள்.

"இவருதான் வழியில மாத்திட்டாருன்னு சொல்றாங்க. பொழுது சாயறதுக்குள்ள கல்லு வரலன்னா போலீஸுக்குப் போவாங்களாம். சாமி கல்லத் திருடினவன்னு பேரு வந்துட்டா இந்தப் பக்கம் யாருங்க வேலை குடுப்பாங்க?"

அலுவலகத்தை நடத்தும் சரசம்மா, தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாதவர். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். உதவியாளன் ராஜ்குமார் அதற்குள் வாசலில் ஹெல்மெட்டோடு நின்றான்.

மேடையருகே ஊரே கூடியிருந்தது. சாஜித் ஓரமாகத் தலைகுனிந்து நின்றான். விழாக் குழுத் தலைவர் விஜயகுமார்தான் பேசினார்.

"எங்க கல்லு எண்ணெய் குடிச்சுக் கன்னங்கரேல்னு இருக்கும். இது வெளுப்பா இருக்கு பாருங்க. எங்க கல்லுல வீரன் மட்டும்தான். இதுல எடது கால்கிட்ட நாய் நிக்குது. இந்த ஊருல யாராச்சும் நாயப் பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"நட்ட பின்னாடி மாத்தியிருக்கலாமில்ல?" என்றான் ராஜ்குமார்.

"வாய்ப்பே இல்ல. ராத்திரி பூரா நான் ஒருத்தன்தான் காவல். ஈ காக்கா வரல."

சரசம்மா ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கினார். கல்லின் முகத்தில் ஊற்றினார். கல் அதைக் குடித்துக் கறுத்தது. எண்ணெய் ஏறாத புதுக் கல்லேதான், சாஜித் மாட்டினான் என்று ராஜ்குமார் நினைத்துக்கொண்டான். சரசம்மா பின்பக்கம் போய் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கல்லுக்கு முன்னால் மேடை சிமெண்டு அரித்துச் சொரசொரவென்று கிடந்தது. பின்னால் வழவழவென்று இருந்தது.

இதற்குள் படையல் சமையலை முடித்த ராஜாத்தி என்ற ஊர்ப்பெண் ராகிக் களிப் பானையோடு வந்தாள். எந்தக் கல்லானால் என்ன, வேளைக்குப் படைக்க வேண்டாமா? இலை விரித்தாள். ஆனால் முதல் உருண்டையை இலையில் வைக்காமல், இடது பக்கம் வெறுந்தரையில் வைத்தாள்.

"அது யாருக்கும்மா?" என்றார் சரசம்மா.

"தெரியாதுங்க. வருஷா வருஷம் வெக்கறது. எங்க மாமியாரும் வெச்சாங்க."

"வூட்ல இலை போடாம, தரையில யாருக்கு வெப்பீங்க?"

ராஜாத்தி வாயைத் திறந்தவள், கல்லின் இடது காலைப் பார்த்தாள். "நாய்க்கு," என்றாள் மெதுவாக.

கூட்டம் கல்லை நெருங்கி வந்தது.

"இது உங்க கல்லேதான்," என்றார் சரசம்மா. "சுண்ணாம்பும் மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறி நாய் மறஞ்சுபோச்சு. உருண்ட வெக்கறது மட்டும் நிக்கல. பின்னால தண்ணி ஒட்டாதது அத்தன வருஷத்து எண்ணெயால. முன்பக்கத்த மட்டும் யாரோ ஆசிட் ஊத்தித் தேச்சிருக்காங்க. அது வழிஞ்சு புது சிமெண்டையும் அரிச்சிருக்கு. அப்படின்னா தேச்சது கல்லு இங்க வந்த பின்னாடி. ராத்திரி இங்க இருந்தது யாருன்னு நீங்களே சொன்னீங்க, விஜயகுமார்."

விஜயகுமார் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "போட்டோவுக்குப் பளிச்சுன்னு இருக்கட்டும்னு ராத்திரி சாக்கப் பிரிச்சுத் தேச்சேங்க. பாத்தா நாய் வருது. சாமிய செதச்சுட்டான்னு ஊரு என்னையக் கொன்னுடும்னு பயந்து, திரும்பச் சாக்கச் சுத்தி வெச்சுட்டேன்."

"அதுக்கு அவர் பேரக் கெடுத்தீங்க."

விஜயகுமார் எழுந்து, ஊர் பார்க்க சாஜித்தின் முன்னால் கைகூப்பினார். சாஜித்துக்குக் கோபம் ஆறவில்லை. ஷரீஃபுன்னிசா அப்போதுதான் அழுதாள். ராஜாத்தி அவர்கள் இருவருக்கும் முதலில் இலை போட்டாள்.

"எந்தப் போரு, எந்த ராஜா, எந்த வருஷம், ஒண்ணுமே யாருக்கும் தெரியலையே மேடம்," என்றான் ராஜ்குமார்.

சரசம்மா கல்லைக் காட்டினார். ராஜாத்தி குனிந்து, தரையிலிருந்த உருண்டையை நாயின் வாய்ப்பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.