நான்காவது பனிக்கோல்

டிசம்பர் 19, 1983. பிழை: பனிக்கோல்கள் மூன்று. நான் நான்கு எண்கள் எழுதியிருக்கிறேன். 46, 51, 44, 150. நான்காவது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாளைய வேலை: கோல்களை விரல்விட்டு எண்ணிய பிறகே எழுதுவது.

எழுதியதை ஃபாயினா இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். அர்காங்கெல்ஸ்க் நகரத்தில் பகலெல்லாம் மீன் டப்பா ஆலையில் நின்றுவிட்டு மாலை வகுப்பில் வானிலை படித்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. அன்றாடம் செய்த பிழை ஒன்று, மறுநாள் வேலை ஒன்று. எழுதாமல் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. அந்த நோட்டுக்கு ரோதியோன் வைத்த பெயர் பாவப் புத்தகம்.

ரோதியோன் அவள் கணவன். வடகடலோர முனை ஒன்றில் இருந்த அந்த வானிலை நிலையத்தில் நவம்பர் ஆறாம் தேதிவரை நான்கு பேர் இருந்தார்கள்.

இப்போது மூன்று பேர். நிலையத் தலைவர் சவேலிச், அடுக்களையையும் ரேடியோவையும் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி கிளாவா, ஃபாயினா. பூல்கா என்ற நாய். சூரியன் போய் ஆறு வாரமாகிவிட்டது. காலை ஒன்பது என்பது கடிகாரம் சொன்னால்தான் தெரியும். அடுத்த கப்பல் ஆகஸ்டில்.

அன்று மேசையில் அவள் நான்கு எண்களைச் சொன்னபோது சவேலிச் ரொட்டியை வெட்டிக்கொண்டே தலையைக்கூட உயர்த்தவில்லை.

"இதுக்குப் போய் முழிச்சிக்கிட்டிருக்கியா? உங்க அத்தையப் பாரு."

கிளாவா மேசைமேல் டீ தம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தாள். நான்கு வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து முந்தானைக்குள் மறைப்பதுபோல மேலங்கியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"தினம் இப்படித்தான். கை தானா வைக்குது," என்றாள். "நீயும் நாலுன்னு எண்ணிப் பழகிட்டே மகளே. அடிச்சிட்டு விடு."

அடித்துவிட்டாள். நிலையத்தின் விதி அது: தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுத வேண்டும். குளிரில் மை உறைந்துபோகும் என்பதால் எல்லாமே பென்சில்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வாசலில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கையுறையால் தொட்டுவிட்டு, அதன் பக்கத்து முளையில் தொடங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கயிற்றில் எண்பது அடி தள்ளிக் கருவி மேடை. காற்று இல்லாத அந்தக் காலையில் நிலக்கரிப் புகை கூரைக்கு மேலே எழாமல் தரையோடு தரையாகப் படர்ந்து தொண்டையைக் கரகரக்கச் செய்தது, காலடியில் பனி உலர்ந்த மாவுபோல நெறிபட்டது, தூரத்தில் கடல்மேல் உறைந்த பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மாடு செருமுவதுபோல நெடுநேரம் செருமின. வெப்பமானியைப் பார்த்தாள். மைனஸ் முப்பத்தொன்று. பிறகு விளக்கைத் திருப்பி, பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

பனிக்கோல்கள் மேடைக்கு அப்பால் நாற்பது அடியில், கயிறு எட்டாத இடத்தில் வரிசையாக நடப்பட்டவை. இரண்டு மீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை, கறுப்பு வெள்ளையாக. கிட்டே போனால் காலடி பட்டுப் பனி கலைந்துவிடும், அதனால் மேடையிலிருந்தேதான் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பட்டைகளை எண்ணிக் கழித்தால் பனியின் ஆழம் கிடைக்கும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

வரிசைக்குச் சற்று உள்ளே தள்ளி நின்றது. நேற்று ஐந்து பட்டைகள் தெரிந்திருக்க வேண்டும்; இன்று எட்டு. பனி அதே அளவில் இருக்கும்போது ஒரு கோல் மட்டும் எப்படி உயரும் என்று அவள் முறையாக யோசிக்கப் பார்த்தாள். நிழலாக இருக்கலாம். கண்ணாடியில் படிந்த பனித்துகளாக இருக்கலாம். துடைத்தாள். எட்டுப் பட்டைகள்.

ஓடிப்போய் சவேலிச்சை அழைத்துவந்தாள். அவர் விளக்கை வாங்கி இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார்.

"மூணு," என்றார். "மூணுதான் இருக்கு பொண்ணே."

அவளும் பார்த்தாள். மூன்றுதான். ஆனால் கூடவே வந்த பூல்கா மேடையைத் தாண்டவில்லை. குரைக்கவும் இல்லை. வெறுமையான ஓர் இடத்தைப் பார்த்து, விருந்தாளியைக் கண்டதுபோல, வாலைத் தாழ்த்தி மெல்ல ஆட்டியது.

சவேலிச் அதைப் பார்த்தார். விளக்கை அணைத்தார். "வா, சூப் ஆறுது," என்றார்.

நவம்பர் ஆறாம் தேதி காலைப் பனிப்புயலில் வீடே கப்பல்போல முனகியது. ஒன்பது மணி அளவீடு ஃபாயினாவின் முறை. முந்தைய நாளெல்லாம் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தாள், கதவுவரை போனாள், திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து முந்தின நாள் எண்களோடு கொஞ்சம் கூட்டி எழுதினாள். மூன்று கோல்களுக்கும்கூட எண் எழுதினாள். புயலில் கோல் தெரியாது, தெரியாவிட்டால் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட வேண்டும், விதி அவ்வளவுதான். கோடு போட்டிருந்தால் போதும். ஆனால் கோடு போட்டால் வெளியே போகவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து எண் போட்டாள்.

ஐந்து நிமிடத்தில் மனம் தாங்காமல் ரோதியோனிடம் சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான்.

"பாவப் புத்தகத்துக்கு இன்னிக்கு நல்ல வேட்டை. படு, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"கோலெல்லாம் பாக்க வேண்டாம் ரோதியா."

"நீ எண்ணு எழுதிட்டியே ஃபாயா. அப்ப பாத்தாத்தானே ஆகணும்."

அவள் பின்னிக் கொடுத்த நீளமான சால்வையைக் கழுத்தில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டான். கம்பளி நூல் இரண்டே நிறத்தில்தான் கிடைத்தது, கறுப்பு, வெள்ளை. முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு அசையாமல் விறைத்து நின்று, "என்னையும் ஒரு கோலாக்கிட்டே. எவ்வளவு பனின்னு பாத்துச் சொல்லு," என்று அவளைச் சிரிக்கவைத்திருந்தான்.

கயிற்றின் முனைவரை அவன் போனது நிச்சயம். அங்கே அவன் விளக்கு கட்டப்பட்டிருந்தது, திரும்பி வரும்போது அடையாளத்துக்காக. அதற்கு அப்பால் ஒன்றும் கிடைக்கவில்லை. பதினொரு மணிநேரம் மூவரும் மாறி மாறித் தண்டவாளத்தை அடித்தார்கள், சத்தம் கேட்டாவது வருவான் என்று. வழக்கமாக அளவீடு முடித்துத் திரும்புகிறவர் அதை ஒரே ஒரு முறை அடிப்பார். வந்துவிட்டேன் என்று பொருள். அந்த ஓர் அடி வரவில்லை.

அவன் முறையில்தான் அவன் போனான் என்று மற்ற இருவரும் நினைப்பதுபோலத் தெரிந்தது. ஃபாயினா மாற்றிச் சொல்லவில்லை. அவள் இட்டுக்கட்டிய எண்கள் அன்றே ரேடியோவில் போய்விட்டன. பாவப் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு உரிய பக்கம் காலியாகவே இருந்தது.

டிசம்பர் 22. பதினொரு பட்டைகள்.

டிசம்பர் 23 அன்று காற்று எழுந்தது. மேடையில் நின்று விளக்கைத் திருப்பினாள். மற்ற மூன்றும் நின்ற இடத்தில் நின்றன. நான்காவது வரிசையை விட்டு வெளியே வந்து, மேடைக்கும் கோல்களுக்கும் நடுவே நின்றது. பனிக்குள் புதையவில்லை. பனியின்மேல் நின்றது. பட்டைகள் மேற்பாதியில் மட்டும்தான் இருந்தன. கீழே வெறும் கறுப்பு. பெயின்ட் பட்டை நேராக இருக்கும். இவை வளைந்து இறங்கின. சுற்றியிருந்தன.

காற்று ஒருமுறை வீசியது.

கடைசிப் பட்டை படபடத்தது.

அவள் கயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. கிளாவா மேசைமேல் மாவு விரித்துப் புத்தாண்டுக்குப் பெல்மேனிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தாள். சவேலிச் விளக்குமாற்றுக் குச்சியில் கம்பி சுற்றிப் புத்தாண்டு மரம் செய்துகொண்டிருந்தார். அது மரம்போல இல்லை, முள்ளம்பன்றிபோல இருக்கிறது என்று கிளாவா அவரைக் கேலி செய்துகொண்டிருந்தாள். ஃபாயினா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், எண்கள், கோடு, அவன் ஏன் போனான் என்பது. சொல்லி முடித்தபோது கிளாவாவின் கையில் மாவு காய்ந்திருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார் சவேலிச்.

"என்ன தெரியும் கிழவா?" என்று கிளாவா கேட்டாள்.

"மூணு கோல்லயும் முந்தின நாளவிடச் சரியா ரெண்டு ரெண்டு கூடியிருந்தது. புயல்காத்து அப்படியெல்லாம் பங்கு போட்டுக் குடுக்காது. அதப் பாத்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கலை?" என்றாள் ஃபாயினா.

"கேட்டா நீயும் அவன் பின்னாடி போயிடுவியோன்னு." கம்பி மரத்தைக் கீழே வைத்தார். "போய்ப் பதிவேட்டக் கொண்டா. முறைப்படி செஞ்சிடுவோம்."

நவம்பர் ஆறாம் தேதிப் பக்கத்தைத் திறந்து அவள் தன் மூன்று எண்களின்மேல் ஒவ்வொரு கோடு இழுத்தாள். மேலே சரியானதை எழுத வேண்டும். பென்சில் நின்றது. சரியான எண் என்னவென்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அது தெரிந்தவன் ஒருவன்தான். அதைப் பார்த்துவரத்தான் போனான். அந்த இடத்தைக் காலியாக விட்டாள். கிளாவா மாவுக் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்போதுதான், நாற்பத்தேழு நாளில் முதல் முறையாக, ஃபாயினா வாய்விட்டு அழுதாள்.

டிசம்பர் 24, காலை ஒன்பது. விளக்கைத் திருப்பினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவ்வளவுதான். இன்னொரு முறை எண்ணினாள். நெஞ்சில் இறங்கியது நிம்மதி இல்லை. இனி அதுகூட இல்லை என்ற வெறுமை. 47, 51, 45 என்று எழுதிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துத் திரும்பி நடந்தாள்.

பாதி வழியில் கயிறு கனத்தது.

காற்று ஆட்டினால் கயிறு நடுங்கும். இது நடுங்கவில்லை. பின்பக்கமாக ஒருமுறை தாழ்ந்தது. விட்டது. மறுபடி தாழ்ந்தது. கைமாற்றிக் கைமாற்றி யாரோ பிடித்து வருகிற தாழ்வு. அவள் நின்றாள். அது நின்றது. நடந்தாள்.

அது நடந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. கதவு. தாழ்ப்பாள். உள்ளே வந்து சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். தண்டவாளத்தை அடிக்க மறந்துவிட்டாள். அடுக்களையில் சவேலிச் இருந்தார், கிளாவா இருந்தாள், மேசைக்கு அடியில் பூல்கா.

வெளியே தண்டவாளம் ஒலித்தது.

ஒரே ஓர் அடி.

சவேலிச் அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். உதடு அசைய மூன்று பேரையும் எண்ணினார். பூல்காவின் வால் தரையில் தட்டியது, மெல்ல, விடாமல்.

அடுக்களை ஜன்னலின் வெளிப்புறம் முழுக்கக் காற்று அப்பிய பனி வெள்ளையாக இறுகியிருந்தது. அதில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ரோதியோனின் வழக்கம் அது. கோட்டைக் கழற்றும்வரைகூடப் பொறுக்காமல், அளவீடு முடித்து வந்ததும் வெளியில் நின்றே எண்களை நகத்தால் கீறுவான், உள்ளே இருப்பவள் நேராகப் படிக்கும்படி இடவலம் மாற்றி. அவள் எழுதிக்கொள்வாள். கடைசியாக ஒரு வட்டம் போடுவான். வட்டம் என்றால் டீ.

63.

58.

சுரண்டல் நின்று, தொடர்ந்தது.

71.

ஃபாயினா பதிவேட்டைத் திறந்தாள். அடித்த எண்களுக்கு மேலே, காலியான இடத்தில், மூன்றையும் எழுதினாள். விதிப்படி பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு கண்ணாடியில் வட்டம் விழத் தொடங்கியது. மெதுவாக. நகம் எங்கேயோ தடுக்கித் தடுக்கி. வட்டம் மூடியதும் நடுவில் இருந்த பனி பெயர்ந்து விழுந்தது.

அந்த ஓட்டையில் இருட்டு தெரியவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளி தெரிந்தது. கண்ணாடியோடு ஒட்டி. விறைத்து. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு மனிதன் நின்றால் கண்ணாடியில் மூச்சு படியும்.

படியவில்லை.

அவன் போகவில்லை. நின்றான். மதியமும் நின்றான். சவேலிச் ஜன்னலில் போர்வையை மாட்டினார். கிளாவா யாரையும் பார்க்காமல் தம்ளர்களை எடுத்து மேசையில் வைத்தாள், ஒன்றன் பின் ஒன்றாக. இந்த முறை எதையும் திருப்பி எடுக்கவில்லை.

டிசம்பர் 24, 1983. பிழை: திரும்பியதும் தண்டவாளத்தை நான் அடிக்கவில்லை. நாளைய வேலை: காலை ஒன்பது மணி அளவீடு, என் முறை. கோல்கள் மூன்று. தம்ளர்கள் நான்கு.